ஒளி உண்ணும் பவளம்

பவளம் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுவது செந்நிற மணியே. துகிர் என்று பண்டையோர் அதனை வழங்கினர். ஒன்பது மணிகளுள் ஒன்றாக வைத்து எண்ணினர். இதழுக்கு உவமையாகக் கூறினர். ஆயின் அம்மணி ஓர் உயிரின் கூடு என்பதையும், அவ்வுயிரின் சுற்றத்தைச் சார்ந்த வேறு பவளங்களை வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டியில் இட்டு வளர்ப்போர் இன்று நம்மிடையே உளர் என்பதையும் அறிந்தோர் சிலரே. மீன் வளர்ப்பதினும் அரியது பவளம் வளர்ப்பது. அவ்வருமையிற் பெரும்பகுதி தொட்டியின் மேலே தொங்கும் விளக்கைப் பொறுத்தது. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் நெடுநாளைய நண்பர். அடுக்குமாடி வீட்டில் மூன்றடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றை அரிதின் முயன்று அமைத்து, நான்கைந்து பவளத் துண்டுகளை வாங்கி வைத்திருந்தார். 'கடலிலே கதிரவன் ஒளியில் வாழ்ந்தவை, இங்கே இருட்டில் கிடக்கின்றனவே' என்று இரங்கி, ஒரு நாள் பழைய விளக்கைக் கழற்றிவிட்டு அதனினும் பன்மடங்கு வலிய விளக்கை மாட்டினார். பத்தே நாளில் பழுப்பும் பச்சையுமாய் இருந்த பவளங்கள் சுண்ணாம்பு போல் வெளுத்தன. விளக்கின் தூய்மையால் அவை அவ்வாறு பளிச்சிடுகின்றன என்று அவர் முதலில் மகிழ்ந்தார். மூன்றாம் வாரத்தில் அவ்வெண்மையின்மேல் அழுக்குப் பாசி படர்ந்தது. அதன் பின்னரே அவை மாண்டன என்பது புலனாயிற்று. "அன்பினாலேயே கொன்றுவிட்டேன் ஐயா" என்றார் அவர். அவர் செய்த பிழை யாது? ஒளியை விளக்கமாகக் கருதினார், உணவாகக் கருதவில்லை. உணவுக்கு அளவு உண்டன்றோ?

பவளம் உண்பது எவ்வாறு?

பவளப்பாறை என்பது எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய சுண்ணாம்பு மாளிகை. அச்சிற்றுயிரைப் பவளப் பூச்சி என்று வழக்கில் கூறினும் அது பூச்சியினம் அன்று. சொறிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவான மெல்லுயிர். குழல் போன்ற உடலும், வாயைச் சுற்றி விரல்கள் போன்ற உணர்கொம்புகளும் உடையது. இரவில் அவற்றை நீட்டி நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பற்றி உண்ணும்.

ஆயின் அதன் வாழ்வு இவ்வேட்டையால் மட்டும் நடைபெறுவதன்று. பாறை கட்டும் பவளத்தின் தசைக்குள்ளே ஒற்றை உயிரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து இலட்சம் அளவில் அவை நெருங்கியிருக்கும். ஒளியைக் கொண்டு அவை சர்க்கரையும் பிறவும் ஆக்கி, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடம் தந்த பவளத்திற்கு அளிக்கின்றன. பவளமோ தன் கழிவுப் பொருள்களைப் பாசிக்கு எருவாகத் தருகின்றது. வீட்டுக்காரனும் குடியிருப்போனும் ஒருவரையொருவர் ஊட்டி வாழும் இவ்வமைப்பு இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

இவ்வுண்மை எளிதில் விளங்கியதன்று. 1928-29ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஆய்வு நடத்திய பிரிட்டிஷ் குழுவின் தலைவர் மாரிஸ் யங், பவளம் ஊன் உண்ணும் உயிரே என்றும், பாசி அதன் கழிவை நீக்க உதவுவதே தலையாய பயன் என்றும் கருதினார். பின்னர் 1958இல் லியோனார்டு மஸ்கட்டீன், கேடட் ஹேண்ட் என்னும் இருவர், கதிரியக்கக் கரியை அடையாளமாக வைத்து, பாசி ஆக்கிய உணவு அதனைத் தாங்கிய கடற்சாமந்தியின் தசைக்குள் செல்வதை நேரே மெய்ப்பித்தனர். அதே காலத்தில் ஜமைக்காவில் ஆய்ந்த தாமஸ் கோரோ, இருளினும் ஒளியில் பவளம் விரைந்து சுண்ணாம்பு சேர்ப்பதைக் காட்டினார். ஒளி பவளத்திற்கு உணவும் ஆகும். வீடு கட்டும் வலிமையும் ஆகும் என்பது இவற்றால் பெறப்படும்.

எல்லாப் பவளமும் ஒளி வேண்டுமோ?

வேண்டா. அணிகலனுக்கு உதவும் செம்பவளத்தின் உடலில் இப்பாசி இல்லை. அது கடலடிக் குகைகளிலும் மங்கிய ஆழங்களிலும் வாழ்வது. நம் இலக்கியம் போற்றிய மணிப்பவளமும், தொட்டியில் வளர்க்கும் பாறைப்பவளமும் பெயரால் ஒன்றாயினும் வாழ்வால் வேறு.

சிங்கப்பூர்க் கடலில் காணப்படும் சூரியப் பவளம் மற்றொரு சான்று. மஞ்சளும் செம்மஞ்சளுமாய் ஒளிரும் அதன் நிறம் கண்டு அப்பெயர் இட்டனர். பெயர் சூரியன், அதற்கோ சூரிய ஒளி தேவையில்லை. கையால் ஊட்டினால்தான் தொட்டியில் உயிர் வாழும். பெயரை நம்பி வலிய விளக்கின் கீழே வைத்துப் பட்டினி போட்டவர் பலர். ஆதலின் விளக்குக் கடைக்குச் செல்லுமுன் கேட்க வேண்டிய முதல் வினா, 'எந்த விளக்கு நல்லது?' என்பதன்று, 'எந்தப் பவளம் வளர்க்கப் போகிறோம்?' என்பதே.

நீரும் நிறமும்

கதிரவனின் வெள்ளொளி பல நிறங்களின் கலவை. கடல்நீர் அவற்றை ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. செந்நிறத்தை முதற்சில மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். தெளிந்த கடலில் மிக ஆழம் செல்வது நீலம். ஆழ்ந்த நீரில் வாழும் பவளமும் அதன் பாசியும் நீல ஒளியைப் பயன்படுத்தி வாழப் பழகியவை. பாசியிலுள்ள பச்சையமும் துணை நிறமிகளும் 400 முதல் 550 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீலம், நீலப்பச்சை ஒளியை நன்கு பற்றுகின்றன. பவளத் தொட்டியின் விளக்குகள் நீலம் மிக்கனவாய் இருப்பதன் காரணம் இதுவே. அது வெறும் அழகுக்காக அன்று.

நீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு ஆழம் பவளம் வாழும். தெளிந்த வெப்பக் கடல்களில் நூறு மீட்டருக்குக் கீழும் பாசி தாங்கிய பவளங்கள் சில உள. சிங்கப்பூர்க் கடலிலோ கடல் தூர்த்தலாலும் தூர்வாரலாலும் வண்டல் மிகுந்தது. 1960களின் தொடக்கத்தில் நீருள் பத்து மீட்டர் தொலைவு வரை தெரிந்தது, பின்னர் இரண்டு மீட்டராகக் குறைந்தது என ஆய்வாளர் எழுதியுள்ளனர். அதனால் இங்குப் பவளம் செழிப்பது பெரும்பாலும் மேல் ஆறு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. அடியில் பாறை உண்டு, உப்புநீர் உண்டு; ஒளி இல்லை, ஆகவே பவளமும் இல்லை. ஒளியே பவளத்தின் எல்லையை வகுக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கண்ணை நம்பலாமோ?

நண்பர் செய்த பிழையின் வேர் இங்குள்ளது. அவர் ஒளியைத் தம் கண்ணால் அளந்தார். மனிதக் கண் பகலில் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அளவிலுள்ள மஞ்சட்பச்சை ஒளியை. 450 நானோமீட்டர் நீல ஒளி அதே ஆற்றலோடு வந்தாலும், நம் கண்ணுக்கு அதில் நூற்றுக்கு நான்கு பங்கு வெளிச்சமாகவே தோன்றும். ஆகவே நமக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு பவளத்திற்குப் பெருவிருந்தாக இருக்கலாம். நமக்குக் கண் கூசும் மஞ்சள் விளக்கு அதற்கு அரைவயிற்றுச் சோறாக இருக்கலாம்.

லக்ஸ் என்னும் அளவு மனிதக் கண்ணை ஒட்டி அமைந்தது. கைப்பேசியில் உள்ள ஒளிமானிகள் காட்டுவது அதனையே. நீல விளக்கை அளக்க அது உதவாது. செடிக்கும் பாசிக்கும் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி. அதன் துகள்களை எண்ணிக் கூறும் அளவை பி.ஏ.ஆர். என்பர். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகின்றது என்பதே அது. நண்பகல் வெயிலில் நிலத்தின் மீது இவ்வளவு ஏறத்தாழ 2000 ஆகும். இதனை அளக்கும் கருவி விலை மிக்கது. பவளம் வளர்ப்போர் சிலர் கூடி ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துதல் நன்று. விளக்கின் பெட்டியில் எழுதியுள்ள வாட் அளவு அது உண்ணும் மின்சாரத்தைத்தான் கூறும். பவளம் உண்ணும் ஒளியைக் கூறாது. பவளம் இருக்கும் அதே இடத்தில், நீருக்குள்ளே கருவியை வைத்து அளப்பதே முறை.

அளவு யாது?

தொட்டியில் ஒளியை மெல்லக் கூட்டிக்கொண்டே போவதாகக் கொள்வோம். முதலில் பாசி ஆக்கும் உணவு, பவளமும் பாசியும் மூச்சுவிடச் செலவிடுவதற்கே போதாது. அது கடனில் நடக்கும் குடும்பம். பின்னர் வரவும் செலவும் சமமாகும். அதன்மேல் ஒளி கூடக்கூடச் சேமிப்பு பெருகும். ஓர் அளவுக்கு மேல் பாசி தன் முழு வலிமையோடு உழைத்துக்கொண்டிருக்கும். இன்னும் ஒளி தந்தாலும் உணவு கூடாது. அதற்கும் மேலே சென்றால் மிகைப்பட்ட ஒளி பாசியினுள் கொடிய ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கும். அந்நஞ்சைப் பொறாத பவளம் தன் பாசிகளை வெளியேற்றும். பாசி நீங்கியதும் தசை கண்ணாடி போலாகி, உள்ளே உள்ள வெண்சுண்ணாம்பு தெரியும். இதுவே வெளுத்தல். வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை. ஆயின் பசியோடு இருக்கிறது. நண்பர் கண்ட வெண்மை தூய்மை அன்று, பட்டினி.

வளர்ப்போர் பட்டறிவில் கண்ட அளவுகள் பின்வருமாறு. மென்பவளங்களுக்கும் காளான் பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை போதும். மூளைப் பவளம் போன்று பெரிய வாயும் தடித்த தசையும் உள்ளவற்றிற்கு 75 முதல் 150 வரை. அக்ரோபோரா என்னும் மான்கொம்புப் பவள இனத்திற்கு 200 முதல் 350 வரை வேண்டும். இவை முழங்கைக் கணக்கேயன்றி நூல்பிடித்த கணக்கல்ல. ஓர் இனத்திலேயே ஆழத்தில் வாழ்ந்ததும் மேலே வாழ்ந்ததும் வேறுபடும். ஒரே தொட்டியில் பல இனம் வளர்ப்போர் மான்கொம்பை மேலேயும், காளானை அடியிலும், மூளைப் பவளத்தை மணற்பரப்பிலும் வைத்தால் ஒரு விளக்கே பல அளவில் பயன்படும்.

அளவோடு நேரமும் சேர்ந்ததே ஒரு நாள் உணவு. 200 அளவில் பத்து மணி நேரம் எரிந்தால், ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி 7.2 மோல் ஆகும். நம் நாடுகள் நிலநடுக்கோட்டை அடுத்திருத்தலின் பகற்பொழுது ஆண்டு முழுதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். தொட்டிக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். இரவில் இருள் வேண்டும். விளக்கை இரவும் பகலும் எரிய விடுதல் பரிவாகாது. தானே இயங்கும் நேரவிசை ஒன்றைப் பூட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

எவ்விளக்கு?

பண்டு கதிரவனே விளக்காக இருந்தான். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைகளும் காற்றுக் குமிழிகளும் இயற்கை வெயிலும் கொண்டே தொட்டியில் பவளம் வளர்த்த முறையை 1961இல் எழுதி உலகறியச் செய்தார். நம் அடுக்குமாடி வீடுகளில் அது எளிதன்று. சாளரத்து வெயில் ஒரு புறம் விழும், நீரைக் கொதிக்க வைக்கும், மழைக்காலத்தில் மறையும். ஆகவே மின்விளக்கையே நாட வேண்டும். அது மூவகைப்படும்.

முதலாவது மெட்டல் ஹாலைடு விளக்கு. வெயிலைப் போல அலைநெளியும் ஒளியும் ஆழ ஊடுருவும் வலிமையும் உடையது. ஆயின் வெப்பம் மிகுதி. 250 வாட் விளக்கு ஒன்று நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 75 யூனிட் மின்சாரம் செலவாகும். அதுவன்றி, நம் நாட்டில் குளிரூட்டாத அறையே 28, 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க, தொட்டி நீரோ 25 முதல் 27 பாகைக்குள் இருத்தல் நலம். விளக்கு சூடேற்ற, அதனைத் தணிக்கக் குளிரூட்டி ஓட, இருமுறை மின்கட்டணம் செலுத்த நேரும். வெப்பமும் மிகையொளியும் கூடினால் பவளம் விரைந்து வெளுக்கும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது டி5 என்னும் மெல்லிய குழல் விளக்கு. அதன் ஒளி நிழலின்றிச் சீராகப் பரவும். மூலை முடுக்கிலும் பவளம் செழிக்கும். ஆயின் ஒளி நாளடைவில் நமக்குத் தெரியாமலே குன்றும். ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்குள் குழலை மாற்ற வேண்டும். மேலும் அதில் பாதரசம் உண்டு. பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, நெடுங்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவு செய்தன. ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் இதனை நம்பித் தொடங்குதல் தக்கதன்று.

மூன்றாவது எல்.இ.டி. விளக்கு. வலிய நீல ஒளி தரும் எல்.இ.டி. 1993இல் ஜப்பானில் வெளிவந்தது. அதற்கு அடிகோலிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். பவளத்திற்கு வேண்டிய 450 நானோமீட்டர் நீலத்தை நேரே தருவது இவ்விளக்கு. வெப்பம் குறைவு, 100 வாட் எல்.இ.டி. பத்து மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 30 யூனிட்டே ஆகும். நிறத்தையும் வலிமையையும் வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம். குறையும் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து ஒளி வருதலின் நேர் கீழே மிகையும், பக்கத்தில் நிழலும் ஏற்படும். எனவே மூன்றடித் தொட்டிக்கு வலிய விளக்கு ஒன்றைவிட நடுத்தர விளக்கு இரண்டு மேல். நம் வெப்ப நாட்டுக்கு இக்காலத்தில் ஏற்றது இதுவே என்பது என் துணிபு.

எவ்விளக்காயினும் உப்புநீருக்கு மேலே தொங்குவது என்பதை நினைவிற் கொள்க. நீர்த்துளி கம்பி வழியே ஓடிச் செருகியை அடையாதவாறு கம்பியைத் தாழ வளைத்து விடுதலும், மின்கசிவு நேரின் தானே அணையும் காப்பு விசை பொருத்துதலும் இன்றியமையாதன.

பழக்கும் முறை

புது விளக்கை மாட்டிய அன்றே முழு வலிமையோடு எரிய விடுதல், நோன்பிருந்தவன் முன் பெருவிருந்து படைப்பது போலாகும். முதலில் பாதி வலிமையில் வைத்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் சிறிது சிறிதாக உயர்த்துக. வலிமையைக் குறைக்க இயலாத விளக்காயின் உயரத் தூக்கித் தொங்கவிட்டுப் பின் இறக்குக. புதிதாய் வாங்கிய பவளத்தை முதலில் அடியில் வைத்துப் பின்னர் மேலேற்றுக.

பவளம் பேசாது, ஆயின் நிறத்தால் தன் நிலை உணர்த்தும். ஒளி குறைந்தால் பாசி பெருகிப் பவளம் கருமை கலந்த பழுப்பாகும். கிளைகள் ஒளியை நாடி மெலிந்து நீளும். ஒளி மிகுந்தால் ஒளி நேரே படும் மேற்புறம் முதலில் வெளிறும், உடல் சுருங்கும். வெளிறல் கண்ட அன்றே ஒளியைக் குறைத்து, நிழலில் வைத்து, நுண்ணுணவு ஊட்டினால் பாசி மீண்டும் குடியேறப் பவளம் பிழைப்பதுண்டு. நாள் கடத்தினால் பிழைக்காது.

கடையில் பவளம் தேர்வோர்க்கு மற்றோர் எச்சரிக்கை. கருநீல விளக்கின் கீழே பவளத்திலுள்ள சில புரதங்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும். அவ்வழகில் மயங்கி, நலிந்த பவளத்தைப் பெருவிலைக்கு வாங்கி வருந்துவோர் உண்டு. வெள்ளொளியில் ஒருமுறை காட்டுமாறு கேட்டல் வாங்குவோர் உரிமை. வன்பவளங்கள் யாவும் சைட்டிஸ் என்னும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. உரிய இசைவுச் சீட்டு இன்றி நாடு விட்டு நாடு கடத்தல் குற்றம். கடலிலிருந்து உடைத்தவற்றை விலக்கி, தொட்டியிலேயே துண்டு நட்டு வளர்த்தவற்றைக் கேட்டு வாங்குக.

தொட்டியும் கடலும்

சிங்கப்பூர்க் கடலிலும் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அங்கே விளக்கை மாட்டியவர் எவரும் இல்லை. நீர் சூடேற, நாள்தோறும் வரும் வெயிலே மிகையாயிற்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓர் இலட்சம் பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அப்பெரும் பணியும் நம் மூன்றடித் தொட்டியும் நிற்பது ஒரே அடிப்படையில்: பவளத்திற்கு நீரின் வெப்பம் அடங்க வேண்டும், ஒளி அளவோடு சேர வேண்டும்.

நண்பர் தொட்டியைக் கைவிடவில்லை. இம்முறை விளக்கை முப்பது விழுக்காட்டில் வைத்துத் தொடங்கினார். ஒரு குறிப்பேட்டில் நாளும் அளவும் எழுதி வருகிறார். விரல் நகம் அளவில் வாங்கிய காளான் பவளம் ஒன்று இப்போது பக்கத்தில் ஒரு குட்டியை ஈன்றுள்ளது. சென்ற வாரம் அதனைக் காட்டி, "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது இவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததா என்று ஐயமாக இருக்கிறது" என்றார். அத்தொட்டியின் ஒளி இப்போது என் கண்ணுக்குச் சற்று மங்கலாகத்தான் தெரிகிறது. பவளத்திற்கு அதுவே நிறைவு.